தள்ளு மாப்பிள்ளையின் கார்புரேட்டர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் கொதிக்கிற ரேடியேட்டரைக் கொண்டுவரலாம். அதன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யத் தயார். கை மட்டும் அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

தலை முழுக்க நரைத்த பிறகும் அவரைத் தெருவில் ‘தள்ளு மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். காரணம், மாமனாரின் கார். ஊரில் முதல் கடிகாரம் வருவதற்கு முன்பே வந்த வண்டி அது. கல்யாணத்தன்று புதுப்பெண் உள்ளே உட்கார்ந்தாள், அவள் அப்பா உட்கார்ந்தார், அண்ணன் உட்கார்ந்தான், மிச்ச இடத்தில் பலகாரக் கூடை உட்கார்ந்தது. வண்டி கிளம்பவில்லை. “மாப்பிள்ளை, ஒரு கை கொடுங்க” என்றார் மாமனார். பட்டுச் சட்டையோடு கொடுத்த கையை அவரால் அப்புறம் திரும்ப வாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் தள்ளினார், ஸ்டேஷனுக்கும் தள்ளினார். ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்ததில்லை. வண்டியின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் யோசிப்பார். பின்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவார்.

இப்போது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அந்தக் காரைக் குறுக்கே அறுத்து, முன்பாதியைத் தன் ஹோட்டல் சுவரில் பதிக்கப்போவதாகச் சொன்னார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. அவர் கையில் ஆறிக்கொண்டிருந்த டீ மறுபடி கொதித்தது.

“அறுப்பீங்களா? தள்ளினவன் நான். அறுக்கிறவர் நீங்களா?”

“ஓடாத வண்டி, மாப்ளே. வேற என்ன செய்யறது?”

“ஓட வைக்கிறேன்!”

மாமனாருக்குக் காது மந்தம். சண்டை என்று முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை. நான் உள்ளே உட்காருவேன். மேட்டு மேல இருக்கிற என் வீட்டு வாசல் வரைக்கும் யாரு ஓட்டிட்டு வர்றானோ, வண்டி அவனுக்கு. வரலைன்னா இவன் அறுத்துக்கட்டும். கிளப்பி விட மட்டும் ஒருத்தன் தள்ளலாம்.”

“யாரு தள்ளுறது?” என்றார் மச்சான்.

“நீதான்” என்றார் மாப்பிள்ளை. முப்பது வருஷத்தில் மச்சானை அவர் ஒருமையில் சொன்னது அதுவே முதல் தடவை.

பழைய கார்புரேட்டர் நடுவில் வெடித்திருந்தது. வேறொன்று பார்க்கப் பழைய சாமான் கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க மச்சானும் கூடவே வந்தார்.

“உங்களுக்கு எதுக்கு மாப்ளே கார்புரேட்டர்? இத்தனை வருஷமா நீங்கதானே இஞ்சின்!”

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். கைக்குள் அடங்குகிற பித்தளை ஒன்று, நடுத்தரம் ஒன்று, லாரியிலிருந்து கழற்றிய பூதம் ஒன்று. “உங்க இஞ்சின் சின்னது. வாயும் சின்னதா இருந்தாத்தான் காத்து வேகமா போய்ப் பெட்ரோலை இழுக்கும். பெரிய வாய் வச்சா வெறும் காத்துதான் போகும். முக்கிட்டு நின்னுடும்” என்றார்.

“கேட்டீங்களா? சின்னதே போதும், மாப்ளே” என்றார் மச்சான்.

சின்னதுதான் சரி. மாப்பிள்ளையின் கை அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் ‘போதும்’ காதில் விழுந்ததும் கை நின்றது. மாப்பிள்ளைக்கு ஓரமா இடம் போதும். மாப்பிள்ளைக்கு நேத்து மிச்சம் போதும். மாப்பிள்ளை வெளியே நின்னா போதும்.

“அந்தப் பெரியதைக் கட்டு” என்றார்.

“அண்ணே, அது லாரியோடது.”

“லாரியை எவனாவது தள்ளிப் பார்த்திருக்கியா?”

“இல்லை.”

“அப்பக் கட்டு!”

அது இஞ்சினில் உட்கார மறுத்தது. போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தடித்த அலுமினியத் தகட்டை வெட்டி, இரு பக்கத்துக்கும் பொருந்தத் துளை போட்டு, நடுவில் வைத்தார். காற்று கசியாமலிருக்க பேக்கிங் வேண்டும். கெட்டி அட்டையை விளிம்பின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மச்சானை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அச்சில் ஏற்றத்தக்க பெயர் ஒன்றுகூட இல்லை. உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையைச் சரிசெய்தார். ஆக்சிலரேட்டர் கம்பி எட்டவில்லை, சைக்கிள் பிரேக் கம்பியை ஒட்டுப்போட்டார். துரு அடைத்த பெட்ரோல் டாங்கியைக் கழற்றி, “கழுவி வை!” என்று மனைவி பக்கம் தள்ளினார். நட்டுகளை அவர் முறைத்தார். அவை பயந்துபோய்த் தாமாகவே இறுகிக்கொண்டன. பூதம் துருத்திக்கொண்டு நின்றதால் பானெட் மூடவில்லை. அதையும் கழற்றி எறிந்தார்.

ஞாயிறு வந்தது. மாமனார் பின் சீட்டில் குடையோடு அமர்ந்தார். மாப்பிள்ளை வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளே ஏறினார். சீட்டு இவ்வளவு மெத்தென்று இருந்ததா? இதில் உட்கார்ந்துகொண்டா என்னை ‘இன்னும் கொஞ்சம் வேகமா’ என்றார்கள்?

மனைவி வாசலிலிருந்து ஓடிவந்தாள். “என்னங்க, ஒரு நிமிஷம், அந்த...”

“உன் அண்ணனுக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை பேசாதே!”

“நான் அதைச் சொல்லலைங்க...”

“தள்ளுடா!” என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினார்.

மச்சான் தள்ளினார். வண்டி சமதளத்தில் உருண்டு, மேட்டில் மூக்கை வைத்தது. அங்கேதான் லாரி கார்புரேட்டர் வாயைத் திறந்தது. அது குடித்தது பெட்ரோலை அல்ல. மாப்பிள்ளை “கல்யாணத்தன்னிக்கு!” என்று உறுமினார், வண்டி ஒரு எட்டு எகிறியது. “மழையில, ஸ்டேஷனுக்கு!” இன்னொரு எட்டு. “காய்ச்சலோட நான், உள்ளே பலகாரக் கூடை!” மரங்கள் பின்னால் ஓடின. வழியில் ஒரு ஆடு வண்டியை முந்தியது உண்மைதான். அது அபாரமான ஆடு.

வேகம் தாங்காமல் மச்சானின் கைகள் பின்பக்கத் தகட்டோடு ஒட்டிக்கொண்டன. “மாப்ளே, பிரேக் போடுங்க!” என்று அலறினார். “விட்டா என் மேலேயே வந்துடும்!”

“இன்னும் கொஞ்சம் வேகமா!” என்றார் மாப்பிள்ளை. எத்தனை வருஷக் கடன் அந்த வாக்கியம்.

“என்ன சத்தம், மாப்பிள்ளை?” என்றார் மாமனார்.

“இஞ்சின், மாமா!”

“நல்லா மூச்சு வாங்குதே” என்று சீட்டைத் தட்டிக்கொடுத்தார் கிழவர். “இப்படி ஒரு இழுவையை நான் பார்த்ததே இல்லை.”

மேட்டு வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாமனார் இறங்கி, சாவியை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். மச்சான் வாசற்படியில் குப்புறக் கிடந்தார். ஏதோ சொல்லப் பார்த்தார். பேச்சுக்குப் பதில் விசில்தான் வந்தது.

மாப்பிள்ளை சுற்றிக்கொண்டு வந்து காரின் முன்பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். விளக்குகள் இரண்டு இருந்தன.

அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்ரோல் டாங்கி அவர் வீட்டு மொட்டை மாடியில், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி, காய்ந்துகொண்டிருந்தது.