கணவாய் மூடுவதற்குள்

செவ்வாய்க்கிழமை காலையில் கணவாய் போன் செய்தது. ஞாயிறு சாயங்காலம் அடைத்துவிடுவேன், வருவதென்றால் அதற்குள் வாருங்கள் என்றது. குரல் கட்டியிருந்தது. சுக்குக் காப்பி போட்டுக் குடி என்றேன். சரியென்று வைத்துவிட்டது.

கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, இமயமலைக்கு உள்ளே, அந்தக் கணவாயைத் தாண்டி, மரம் முளைக்காத உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கழுகாசலத்தின் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற மனிதர். அனலில் அவர் புருவம் எப்போதோ போய்விட்டது. பனியை ஒரு தடவை கையில் அள்ள வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. இதை எப்படியாவது நடத்திக்காட்டுவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரைப் பார்த்தோம்.

"சட்டுன்னு ஏறக் கூடாதும்மா. கொஞ்சம் ஏறணும், உக்காரணும், தண்ணி குடிக்கணும். மறுபடி ஏறணும். மூச்சு பழகிக்கும்" என்றார். எங்களுக்கு மாத்திரை எழுதினார். பெட்டிக்கு ஊசி போட்டார்.

புதன்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினோம். வாசலைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு ராமத்தாய் மதினி கோலத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"எங்க மதினி, பெட்டியோட?"

கிளம்பும்போது எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் ஊரில் அது சட்டம். திரும்பினோம். உட்கார்ந்தோம். குடித்தோம்.

மறுபடி வாசலுக்கு வந்தபோது தெரு உயர்ந்திருந்தது. எதிர்வீடும் கூடவே ஏறியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்டு கம்பம், வேறு வழியில்லை. கீழே மெயின் ரோட்டில் பஸ்கள் கடலைப்பருப்பு அளவில் போயின.

"போகலையா? எங்கதான் போறீக?" என்றாள் மதினி.

திரும்பினோம்.

வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின. அவள் கேட்பாள், நாங்கள் குடிப்போம், தெரு ஏறும். தம்ளரில் தண்ணீர் சில்லிட்டுக்கொண்டே வந்தது. மேகம் ஜன்னல் வழியாக நுழைந்து கொடியில் கிடந்த வேட்டியை நனைத்தது. காய்கறிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே வெண்டைக்காய் என்று கூவினார். தெரு ஏறுவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. கிளம்ப முடியவில்லையே என்பதுதான் எரிச்சல்.

சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை.

"ஒங்களுக்கு வாய் சும்மாவே இருக்காதா மதினி? ஒரு மனுசன் ஆயுசுல ஒரு தடவ கெளம்புறாரு. எங்க எங்கன்னு கேட்டே உசிர வாங்குறீகளே."

மதினியின் முகம் சுருங்கிவிட்டது.

"இனிமே கேட்டா என்னன்னு கேளுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்கவில்லை. ஜாம் ஜாமென்று தெருமுனை வரைக்கும் போய்விட்டோம். அங்கே ஒரு பாறைச் சுவர் நின்றது. அதற்கு மேலே பனி. கணவாய் பழைய மளிகைக்கடை மாதிரி ஒவ்வொரு பலகையாகச் செருகி அடைத்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

கழுகாசலம் எக்கிப் பார்த்தார். எட்டவில்லை. பெட்டி மேல் ஏறி எக்கினார். அப்போதும் எட்டவில்லை.

"பரவால்ல செண்பகம். கண்ணால பாத்தாச்சுல்லா" என்றார்.

நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"இன்னும் ஒரு வாய் தண்ணி குடிச்சா எட்டிரும்" என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து குடித்தார். தெரு அசையவில்லை. கேட்க வேண்டியவள் கேட்காமல் எப்படி ஏறும்?

ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மதினி, ஒரே ஒரு தடவ கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்குத்தான் வாய் நீளமாச்சே."

"கோவத்துல சொல்லிட்டேன். நீங்க கேக்காம வாசலே நல்லா இல்ல மதினி."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு நாள் முழுக்க அடக்கியதில் அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"எங்கதான் மதினி போறீக?"

"பனி பாக்க. நீங்களும் வாங்க."

மதினி அப்படியே நின்றாள். அவளுக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. கேட்டவுடன் எல்லோரும் தண்ணீர் குடிக்கத் திரும்பிவிடுவார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

மூன்று பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து குடித்தோம். பல் கூசியது. கதவைத் திறந்தால் வாசற்படி வரைக்கும் பனி.

கழுகாசலம் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினார். பிறகு, "சுடவே இல்ல செண்பகம்" என்றார். கைப்பழக்கத்தில் அதை உருண்டை பிடித்து எனக்கொன்று, மதினிக்கொன்று கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பில் எதிர்மலையிலிருந்து கொஞ்சம் பனி சரிந்தது. கணவாய் கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆகட்டும் ஆகட்டும், மெதுவாக என்றது. தொண்டை சரியாகியிருந்தது.

அப்போது பக்கத்தில் பனிக்குள் தெரிந்த ஒரு கல் வீட்டிலிருந்து கம்பளி அங்கி போட்ட ஒருவர், மூட்டை ஏற்றிய, மயிர் தரைவரை தொங்கும் சடைமாட்டை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் மதினியின் கையைப் பிடிப்பதற்குள் அவள் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"எங்க போறீக அண்ணாச்சி, மாட்டோட?"

அவர் நின்றார். பெருமூச்சு விட்டார். மாட்டை எங்கள் கரண்டு கம்பத்தில் கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்தார். மாடும் வாசலில் உட்கார்ந்தது. அதற்கும் சேர்த்துத் தண்ணீர் மோக்க நான் உள்ளே போனேன்.