கேத்திலில் படிந்த வெள்ளை

எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் விரலை விட்டுச் சுரண்டினால் நகம்தான் உடையும். அடியில் அவ்வளவு தடிப்பாக வெள்ளை படிந்திருக்கும். ஓமந்தைப் பக்கம் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் எந்தக் குசினிக்குள் போய்ப் பார்த்தாலும் இதுதான் நிலைமை. கிணற்றுத் தண்ணீர் அப்படி. கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு அடியில் போய் இறுகிவிடும். அம்மா கரண்டிக் காம்பால் குத்துவார், சாம்பல் போட்டுத் தேய்ப்பார், கடைசியில் கேத்திலைத் திட்டிவிட்டு அதிலேயே தேத்தண்ணிக்கு வைப்பார்.

அதே தண்ணீரைத்தான் அப்பாவும் காலம் முழுக்கக் குடித்தார். தண்ணீர்தான் காரணமா, வயலுக்கு அடித்த மருந்தா, வேறு ஏதுமா என்று கிளினிக்கில் யாரும் அடித்துச் சொல்லவில்லை. சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் வேலையை விட்டுவிட்டன என்று மட்டும் சொன்னார்கள். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் ஒருநாள் இரத்தம் சுத்தம் செய்யும் மெசினில் ஏற வேண்டி வருமாம்.

மெசின் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவின் முகம் கறுத்துவிடும். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, அதில் ஏறித்தான் போனார். கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய்ப் படுப்பார், வீட்டுக்கு வந்து ஓங்காளித்துச் சத்தி எடுப்பார், அடுத்த போகம் விதைக்க முன்னமே முடிந்துபோனார். எங்கள் ஒழுங்கையில் மெசினில் ஏறிய மற்ற இரண்டு பேரும் அப்படியே. எல்லாம் முற்றிப்போன பிறகுதான் அவர்கள் அங்கே போனார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மெசின்தான் ஆட்களைத் தின்கிறது என்று ஊர் முழுக்க நம்பியது, நாங்களும் நம்பினோம். பெரியப்பா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு முடிந்த பின்னேரம் அப்பா என் அண்ணன் ஜனகனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, என்னை ஒருநாளும் அந்த மெசினிலை ஏத்தக்கூடாது. எனக்கு அறிவில்லாமல் போனாலும் ஏத்தக்கூடாது. ஏத்தமாட்டன் எண்டு சொல்லு பாப்பம்."

அண்ணா சொன்னான்.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓமந்தைச் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஒரு கையில் யாருடையவோ உடைந்த போன், மற்றப் பக்கம் இயற்கை மருத்துவ வீடியோ. அவன் ஒன்றைப் பிடித்தால் அரைகுறையாக விடுகிறவன் இல்லை. ஒரு மாதம் வெந்தயம், ஒரு மாதம் மண்பானை, அடுத்தது வீட்டில் சீனியே இருக்கக்கூடாது என்று சட்டம். இன்னும் கொஞ்ச நாளில் இவன் எங்களைப் புல்லு மேய விடுவான் என்று அம்மா சொல்லிக்கொண்டே அவன் சொன்னதை எல்லாம் செய்தார். எனக்கும் அதில் ஒரு புழுகம், ஒரு உற்சாகம் இருந்தது. சும்மா இருந்து பயப்படுவதைவிட எதையாவது அரைத்துக் குடிப்பது நல்லதாகப் பட்டது.

நெளுக்குளத்தில் சஜீவன் மாஸ்டரைக் கண்டுபிடித்ததும் அண்ணாதான். மாஸ்டர் முள்ளந்தண்டை நிமிர்த்துகிறவர். வீட்டு முன்னறையில் முகம் வைக்க ஓட்டை விட்ட நீள மேசை, சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் முள்ளந்தண்டு, மூலையில் ஊதுபத்தி. கைராசிக்காரர் என்று பெயர். அப்பாவுக்கு நெடுநாளாய் நாரிப்பிடிப்பு, இடுப்பைப் பிடித்தபடி வளைந்துதான் உள்ளே போனார். மாஸ்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, எலும்பெலும்பாகத் தடவிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். மூச்சை விடச் சொல்லிவிட்டு ஒரே அமத்து. காய்ந்த தடி முறிகிற சத்தம்.

அப்பா எழும்பி நின்றார். நேராக நின்றார். வாசல் நிலையில் தலை முட்டாமல் இருக்கக் குனிந்துதான் வெளியே வந்தார். அவர் அவ்வளவு உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மாஸ்டர் பொய்க்காரராக இருந்திருந்தால் நாங்கள் அன்றே தப்பியிருப்போம்.

எலும்பு நேராகிவிட்டது, இனி உள்ளே கழுவ வேண்டும் என்றார் அவர். கிளினிக் மருந்து உடம்புக்குப் பாரம், கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமாம். காலையில் வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி விழுமே, ஐந்து விளிம்புள்ள அந்தப் புளிப்புக் காய்தான். புளிப்பு உப்பைக் கரைக்கும், சிறுநீரகத்தில் அடைத்திருப்பதும் உப்புத்தான் என்றார். தானும் ஒவ்வொரு நாளும் குடிக்கிறாராம். ஆளைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது, தோல் அப்படி மினுங்கியது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை அம்மா பையில் கொண்டு போயிருந்தார். அவர் கேட்கவில்லை, நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வரும் வழியில் எங்களுக்குத் தெரிந்த ஜொஹறா அக்கா வீட்டில் நிறுத்தினோம். அவர்களுடைய வளவில் காமரங்காய் மரம் ஒன்று காய்த்துக் குலுங்கி நிற்கும். தின்ன ஆளில்லாமல் நிலத்தில் விழுந்து அழுகுகிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்று ஒரு உரப்பை நிறையத் தந்தார்.

அடுத்த நாள் காலை அண்ணா கேத்திலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். என் கையில் போனைத் தந்து வீடியோ எடுக்கச் சொன்னான். பிழிந்த சாற்றைக் கேத்திலுக்குள் ஊற்றினான். உள்ளே மெல்லியதாகச் சீறும் சத்தம் கேட்டது, நுரை வந்தது. கொஞ்ச நேரம் விட்டு, குலுக்கி ஊற்றினான். கரண்டிக் காம்புக்கு மசியாத வெள்ளை, கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடி மண்ணில் ஊறியது. அடியில் அலுமினியம் பளபளத்தது. அம்மா கேத்திலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப எனக்கும் உப்பிடித்தான் கழண்டு ஓடப்போகுது."

கேத்திலைப் பார்த்த பிறகு எங்களுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அண்ணா அந்த வீடியோவைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். அங்கிருந்து அது ஓமந்தை முழுக்க ஓடியது. மல்லாவியிலிருந்து சிற்றம்பலம் மாமா உடனே போன் எடுத்தார். அவர் அம்மாவின் தமையன், அவருக்கும் இதே சிறுநீரக வருத்தம், இதே மாதிரிக் கிளினிக். அங்கே அந்தக் காய் கிடைக்காது, அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்டார். அண்ணா ஒரு பை நிறையக் கட்டி மல்லாவி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் அரைக் கோப்பை. அப்பா உசாராக இருந்தார், வரம்பில் நேராக நடந்தார். பிறகு அண்ணா அதை முழுக் கோப்பை ஆக்கினான். அன்று மத்தியானச் சோற்றில் கை வைக்கும்போது அப்பாவுக்கு விக்கல் எடுத்தது.

தண்ணீர் குடித்தார், நிற்கவில்லை. மூச்சை அடக்கினார், நிற்கவில்லை. யாரோ நினைக்கிறார்கள், சரியான ஆளின் பெயரைச் சொன்னால் நின்றுவிடும் என்று நான் விளையாட்டைத் தொடங்கினேன். கனடாவில் இருக்கும் மாமி, சுவிஸில் இருக்கும் சித்தப்பா, லண்டன் மச்சான் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னோம். ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக ஒரு விக்கல். கனடா மாமிக்கு எங்களை நினைக்கிற அளவுக்கு ஓய்வு இல்லை என்று அம்மா குத்தலாகச் சொல்ல, அப்பாவே சிரித்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் முடிந்தார்கள், ஊரில் இருப்பவர்களும் முடிந்தார்கள். சொல்ல ஆளில்லாமல் நாங்கள் நின்றபோது அப்பா சோற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணையாக்கும்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டார். செத்துப்போன பெரியப்பாவின் பேச்சு வந்த பிறகு யாரும் விளையாடவில்லை.

பின்னேரமும் விக்கல் நிற்கவில்லை. அண்ணா மாஸ்டருக்குப் போன் எடுத்தான். மாஸ்டர் பதறவே இல்லை. அது கழிவு வெளியேறுகிற அறிகுறி, உடம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது, இடையில் விட்டால் பாதிதான் கழுவுப்படும் என்றார். காலையில் வழமைபோலக் கொடுக்கச் சொன்னார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அப்பா விக்கலுக்கு நடுவே மறுத்தார். அங்கே போனால் நேரே மெசினில் ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் அவருடைய பயம். அண்ணா இரண்டு பேரையும் பார்த்தான். அவன் வாக்குக் கொடுத்தவன். காலையில் அவனே சாறு பிழிந்து கொடுத்தான்.

அந்தக் கோப்பையை அப்பாவால் நேராகப் பிடிக்க முடியவில்லை. சாறு உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது. மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டி, பெரியப்பாவின் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் உங்கள் மகள் சுதாஜினி என்றேன். ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார். திரும்பவும் அவளுடைய பெயரையே சொன்னார். வெயில் ஏற முன்னமே கதிரையில் இருந்தபடி வாசலைப் பார்த்து, அண்ணை வந்திருக்கிறார், கதிரை போடுங்கள் என்றார். வாசலில் யாரும் இல்லை. விக்கல் மட்டும் மணிக்கூடு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா அண்ணாவிடம் கேட்கவில்லை. ஒழுங்கையில் போன ஓட்டோவை மறித்தார்.

ஓட்டோவுக்குள் அண்ணா எங்களிடம் ஒன்று சொன்னான். சாறு கதையை அங்கே எடுக்க வேண்டாம், டொக்டர்மார் அதைப் பிடித்துக்கொண்டு ஏசுவார்களே தவிர வருத்தத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றான். அம்மா அப்பாவின் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவில் அப்பாவைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். கிளினிக் கொப்பியைப் புரட்டினார். கொப்பியை மூடிவிட்டு, ஒரு நிமிடம் அப்பாவின் விக்கலைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவருக்குக் காமரங்காய் ஏதும் குடுத்தனீங்களோ?"

காயின் பெயரை அவருடைய வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணா நிலத்தைப் பார்த்தான். அம்மா அண்ணாவைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"ஓம் டொக்டர். சாறு. ஒவ்வொரு நாளும். இண்டைக்குக் காலமையும்."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது வெறும் காய்தான் என்றார். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பு அதிலுள்ள நஞ்சை வெளியே தள்ளாதாம், அது இரத்தத்தில் நின்று மூளைக்கு ஏறுமாம். விக்கல்தான் அதன் முதல் அடையாளம். அடுத்தது தடுமாற்றம், அதற்கடுத்தது வலிப்பு. இந்த விக்கலை அவர் முன்னமும் கேட்டிருக்கிறார். மாஸ்டர் மினுங்கிக்கொண்டு இருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

அண்ணா மருந்து இருக்கிறதா என்று கேட்டான். டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மருந்தாலை எடுக்கேலாது. மெசினாலைதான் எடுக்கலாம். உடனை ஏத்தினால் ஒருவேளை தப்புவார். ஏத்தவோ?"

கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு அதுவரை எங்களில் யாரையும் தெரியவில்லை. மெசின் என்ற சொல் மட்டும் எப்படியோ உள்ளே போய்விட்டது. தலையைத் திருப்பி அண்ணாவைத் தேடிப் பிடித்தார். இரண்டு விக்கலுக்கு நடுவே கிடைத்த இடத்தில் சொன்னார்.

"தம்பி... நீ சொன்னனியெல்லே."

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அண்ணா வெந்தயம் ஊறவைத்தான், நெளுக்குளம் போனான், அந்தக் காயைப் பிழிந்தான். அந்தச் சாறுதான் அப்பாவை இப்போது மெசினின் வாசலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தது. அவன் அப்பாவின் கால் பெருவிரலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஏத்துங்கோ டொக்டர்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்தில் குழாய் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போதும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் மெசின் இரையும் சத்தம் சீராக வந்தது, அதற்கு மேலால் அப்பாவின் விக்கல். அம்மா ஒவ்வொரு விக்கலுக்கும் முந்தானையை இறுக்கிப் பிடித்தார். நேரம் போகப் போக இரண்டு விக்கலுக்கு இடையில் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விழுகிறது என்று எனக்குப் பட்டது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் திரும்பத் தொடங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

அண்ணா திடீரென்று எழும்பினான். போனை எடுத்தான். கேத்தில் வீடியோவை அழிக்கப் போகிறான் என்று விளங்கியது. குழுவில் அதற்குக் கீழே கைகூப்பலும் நன்றிகளும் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், காலையில் வந்து அவன் திறந்து பார்க்காத குரல்பதிவு ஒன்று. மல்லாவி விமலேஸ்வரி மாமி, சிற்றம்பலம் மாமாவின் மனுசி. அண்ணா அதை அழுத்தினான். மாமியின் குரல் சந்தோசமாக இருந்தது.

"ஜனகன், காய் வந்தது தம்பி. மாமா ரெண்டு நாளா முழுக் கோப்பை குடிக்கிறார். இஞ்சை கேத்திலும் பளிச்செண்டு வந்திட்டுது. நீ நல்லாயிருப்பாய் மோனை."

அண்ணா மாமியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா எழும்பி வந்து எங்களுடன் நின்றார். கடைசி மணியில் யாரோ போனை எடுத்தார்கள். குசினிச் சத்தம் கேட்டது, பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

மாமி ஹலோ சொல்வதற்கு முன்னமே, அவருக்குப் பின்னால் எங்கேயோ, விக்கல் கேட்டது.