ஐம்பத்தாறு இரவுகள்

வரி அலுவலகத்தில் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு, நான் நிற்க வேண்டிய வரிசை இது இல்லை என்றார் கவுண்டரில் இருந்தவர். போன வாரம் இந்த வரிசையைக் கைகாட்டியவரும் அவர்தான். அதைச் சொல்லிச் சண்டை போடும் தெம்பு இல்லாததால் அடுத்த வரிசையில் போய் நின்றேன்.

என் வருமான வரிக் கணக்கில் தவறு இருப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. என்னோடு வசிக்கும் தாயாருக்காக நான் கேட்ட வரிச் சலுகையை, அதே தாயாருக்காக, அதே வருடத்தில் இன்னொருவரும் கேட்டிருக்கிறார். அந்த இன்னொருவர் என் அண்ணன்.

நாங்கள் இரண்டு பேரும் பொய் எழுதவில்லை. அம்மா இரண்டு வீட்டிலும் இருந்தாள். அப்பா போன பிறகு ஒரு பையும் இரண்டு சாவியுமாக அவளே வருவாள், அவளே கிளம்புவாள். எப்போது வருவாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால், எப்போது போவாய் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். அதே கூச்சத்தில் நானும் அண்ணனும்கூட இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஆளுக்கொரு கணக்கை அவரவர் வீட்டில் உட்கார்ந்து தாக்கல் செய்துவிட்டோம்.

நோட்டீஸ் வந்த அன்று அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"நீ வாபஸ் வாங்கிக்கோயேன்," என்றான்.

"நான் ஏன் வாங்கணும்? என்கூடத்தானே அதிகம் இருக்கா."

"யார் சொன்னா? உங்க அண்ணியைக் கேளு. பசங்களை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்றதே அம்மாதான்."

"அப்ப நீ அம்மாவுக்குச் சம்பளம்தான் தரணும். சலுகை எப்படிக் கேக்குறே?"

சிரித்துவிட்டான். ஆனால் வாபஸ் வாங்கவில்லை. அவனுக்குத் திரும்பி வந்த வரிப் பணம் அவன் மூத்த பையனின் பள்ளிக் கட்டணமாகப் போய்விட்டிருந்தது.

என்னாலும் முடியாது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடமாக நான் தற்காலிகம். நிரந்தரம் ஆக்கும் கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது. வரியில் குற்றம் குறை இல்லை என்ற சான்று மட்டும் அதோடு சேர வேண்டும். வாபஸ் வாங்கினால், தவறான தகவல் கொடுத்தவள் என்று பதிவாகும். பிறகு அந்தக் கோப்பு எந்த அலமாரிக்குள் போகும் என்று எனக்குத் தெரியும். அம்மா எத்தனை இரவு யார் வீட்டில் தங்கினாள் என்ற கணக்கோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஆளுக்குப் பாதியா போட்டுக்கோங்களேன்," என்றாள்.

"அப்படிப் போட முடியாதும்மா. போன வருஷம் எந்த வீட்ல அதிகமா இருந்தே? அதைச் சொல்லு போதும்."

"யாரு எண்ணிட்டு இருந்தா?" என்று தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். அவை ஏற்கெனவே கழுவி வைத்தவை.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக வந்தோம். அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தான். இரும்பு நாற்காலிகளில் அம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். டோக்கன் எண்ணைக் காட்டும் பலகையில் பாதி விளக்கு எரியவில்லை. எட்டா மூன்றா என்று ஒவ்வொரு தடவையும் நாலு பேர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அண்ணன் தூங்கியே விட்டான்.

எங்கள் எண் வந்தபோது மணி மூன்று. கவுண்டரில் இருந்தவர் ஜலதோஷத்துக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வழக்கமா அம்மாவை நீ வெச்சுக்கோ, நீ வெச்சுக்கோன்னு அடிச்சுக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் எனக்கு எனக்குங்கறீங்க. பரவாயில்லை, கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க," என்றார் அம்மாவிடம்.

அம்மா சிரிக்கவில்லை.

"பாதி வருஷத்துக்கு மேல, அதாவது நூத்தி எண்பத்து மூணு ராத்திரி, யார் வீட்ல தூங்கினாங்களோ அவங்களுக்குத்தான் சலுகை. கணக்கு எழுதிட்டு வரச் சொல்லியிருந்தோமே?"

நான் என் தாளை நீட்டினேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. என் வீட்டில் இருக்கும் நாட்களில் இரவு படுக்கும் முன் அளந்து குறித்து வைப்பேன். நூற்று அறுபத்தொரு அளவுகள் இருந்தன. அண்ணனோ, அம்மா அங்கே தங்கும் நாட்களில் அண்ணி சமையலறை நாட்காட்டியில் போட்ட வட்டங்களை எண்ணி எடுத்து வந்திருந்தான். நூற்று நாற்பத்தெட்டு.

அவர் கால்குலேட்டரில் கூட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கூட்டினார்.

"முன்னூத்தி ஒம்பதுதான் வருது. மிச்சம் அம்பத்தாறு ராத்திரி எங்கே?"

"இவ வீட்ல," என்றான் அண்ணன்.

"அண்ணன் வீட்ல," என்றேன் நானும் அதே நேரத்தில்.

"மாசத்துல நாலஞ்சு நாள் உங்க வீட்டுக்குன்னு சொல்லிட்டுத்தானே கிளம்புவா," என்றேன் அவனிடம்.

"எங்ககிட்ட உன் வீட்டுக்குன்னுல்ல சொல்லுவா."

நாங்கள் இருவரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் கவுண்டர் விளிம்பில் பெயர்ந்திருந்த பிளாஸ்டிக் பட்டையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விட்டதும் அது மறுபடி எழும்பியது.

"இங்க பாருங்க," என்றார் மஃப்ளர்காரர். "இந்த அம்பத்தாறு யார் பக்கம் சேருதோ அவங்க கணக்கு சரியாயிடும். ரெண்டு பக்கமும் சேரலேன்னா ரெண்டு பேர் மேலயும் தப்புத் தகவல்னு பதிவாகும், அபராதமும் உண்டு. நாலு மணிக்கு நான் மூடணும். நீங்களே சொல்லிடுங்கம்மா. எழுதிக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, அவன் தோள் தளர்ந்தது. அம்மாவின் காதருகே குனிந்தான்.

"இவ வீட்லன்னே சொல்லிடும்மா. இவளுக்கு வேலை விஷயம். நான் எப்படியாவது கட்டிக்கறேன்."

நூற்று அறுபத்தொன்றும் ஐம்பத்தாறும் இருநூற்றுப் பதினேழு. என் மனம் தானாகக் கூட்டிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அண்ணனுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்றதுக்குக் கீழே கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா. உண்மைன்னு உறுதி சொல்ற கையெழுத்து."

அம்மா என் பக்கம் திரும்பினாள். என் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"ரெண்டு வீட்லயும் இல்லைங்க," என்றாள். "தையல் கடைக்கு மேல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருக்கேன். அங்கே தனியாத் தூங்கினேன்."