மூன்றாம் மாடிப் பலகை

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அந்த அரசாங்க விசாரணை அதிகாரிக்கு 'ஆணி சார்' என்று பெயர். விபத்து விசாரணைக்கு வந்து இறங்கியதுமே, செத்தது யார், எப்படி என்று கேட்பதற்கு முன்னால், எல்லாம் ஆணி அடித்து இருந்ததா என்றுதான் கேட்பார். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆணி அடித்தால் சரி என்று விட்டுவிடுவார். அடிக்கத்தான் மாட்டார்கள்.

இந்த முறை செத்தவர் கம்பி கட்டுகிறவர். மூன்றாவது மாடித் தளத்தில் குழாய் இறக்க விட்டிருந்த ஓட்டை வழியாக விழுந்திருக்கிறார். சாப்பாட்டு நேரம், பக்கத்தில் யாரும் இல்லை. ஓட்டையைப் பலகை போட்டு மூடித்தான் வைத்திருந்தோம் என்று மேஸ்திரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது பொய்யும் இல்லை. பலகை கீழே, செத்தவர் பக்கத்திலேயே கிடந்தது. ஆணி அடித்த தடம் ஒன்றுகூட அதில் இல்லை. அடியில் ஓட்டை இருக்கிறது என்று மேலே ஒரு எழுத்தும் இல்லை.

எப்படி நடந்திருக்கும் என்பது ஆணி சாருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இந்த மாதிரிச் சாவை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். சும்மா கிடக்கும் பலகை என்று நினைத்து ஒருவன் குனிந்து விளிம்பைப் பிடித்துத் தூக்குகிறான். பலகை நிமிர்ந்து முகத்தை மறைக்கிறது. வாகாகப் பிடிக்க ஒரு எட்டு முன்னால் வைக்கிறான். அங்கே தரை இல்லை. விழாமல் இருக்கப் போட்ட மூடியைக் கையில் ஏந்திக்கொண்டே விழுகிறான். இப்படியும் ஒரு சாவு உண்டா என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். கட்டட வேலையில் உண்டு.

தெரியாதது ஒன்றுதான். கம்பி கட்டுகிறவருக்குப் பலகை எதற்கு? மேஸ்திரியிடம் பதில் தயாராக இருந்தது. வெளியே விற்கத் தூக்கியிருப்பான், திருடப் போனவன் விழுந்தால் நாங்களா பொறுப்பு என்று வாய் கூசாமல் சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம். ஆணி சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் சாட்சி ஆகாது. வேறு காரணம் கிடைக்காவிட்டால் அந்த மனிதர் திருடனாகவே போய்ச் சேருவார்.

கட்டடத்துக்குப் பின்னால் வேலையாட்களின் தகரக் கொட்டகைகள். கடைசிக் கொட்டகையில் செத்தவரின் மனைவி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பல் முளைக்காத பெண் குழந்தை. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற வயது. இவரைப் பார்த்தும் சிரித்தது. சுவரில் ஒரு தகரம் பெயர்ந்து, வெயில் நேராகப் பாயில் விழுந்துகொண்டிருந்தது.

பளிச்சென்று கேட்டுவிடலாம் என்று வந்தவர் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். வீட்டுக்காரர் அன்றைக்குப் பலகை ஏதாவது வேண்டும் என்றாரா?

"நான்தான் சார் கேட்டேன். பாப்பா மேல வெயில் விழுது, தூங்கவே மாட்டேங்குறா, அடைக்க ஒரு பலகை கொண்டாங்கன்னு. வேண்டாத பலகை ஏதாவது கெடக்கும், சாப்பாட்டு நேரத்துல பாக்குறேன்னாரு."

ஆணி சாருக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக மறு நிமிஷமே வெட்கப்பட்டார். ஏனென்றால் அவள் கேட்டாள்:

"அதுக்கும் அவரு விழுந்ததுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கால் தவறி விழுந்துவிட்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். மறைத்தால் திருட்டுப் பட்டம் நிற்கும். சொன்னால் இவள் உடைந்துபோவாள். இதை யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில், மேஸ்திரி கட்டிய திருட்டுப் பட்டம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். ஆணி அடிக்காததுதான் தப்பு, கேட்டது தப்பே இல்லை என்று மாற்றி மாற்றிச் சொன்னார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. குழந்தையை வெயிலிலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தினாள், மறுபடியும் நகர்த்தினாள்.

பிறகு, தன் வீட்டுக்காரர் திருடவில்லை என்று எழுதுவீர்களா என்று கேட்டாள். கட்டாயம் எழுதுவேன் என்றார். எதற்காக எடுத்தார் என்பதையும் எழுத வேண்டுமா என்றாள். எழுதினால்தான் நிற்கும் என்றார்.

"அப்ப பாப்பாவுக்குன்னு எழுதாதீங்க சார். நாளைக்கு வளந்து படிக்கப் போறவ. என்னிக்காவது இது அவ கண்ணுல பட்டா தாங்க மாட்டா. எனக்குன்னு எழுதுங்க. எனக்கு வெயில் தாங்கலன்னு கேட்டேன்னு எழுதுங்க."

நடக்காத ஒன்றை ஆணி சார் அறிக்கையில் எழுதியதே இல்லை. பெரிய இடத்து மிரட்டலுக்கும் எழுதியதில்லை, காலில் விழுந்தவர்களுக்காகவும் எழுதியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தனக்கு வெயில் தாங்கவில்லை என்று மனைவிதான் பலகை கேட்டார் என எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார்.

சரியாக இருக்கிறது சார் என்றாள்.