மலையில் வண்டி ஓட்டியவளின் பெயர்

1

“பேர மாத்திட்டா, ஓட்டுனது நான் இல்லன்னு ஆயிடும்ல?”

“மாத்தலன்னா அப்பா வண்டிய வித்துடுவாருக்கா.”

“அதுக்குன்னு நான் ஏறுன மலைய எவளுக்கோ தூக்கிக் குடுப்பியா?”

இந்தக் கதை இந்தச் சண்டையில் பிறந்தது. கேட்பவள் என் அக்கா ரம்யா. நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போய்வர அப்பா அவளுக்கு ஸ்கூட்டி வாங்கித் தந்தார். மலைப் பாதையில் வளைவு ஜாஸ்தி என்று அவருக்குப் பயம். மலைப்பக்கம் போனதாகத் தெரிந்தால் விற்றுவிடுவேன் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். போன சனிக்கிழமை நாங்கள் கல்வராயன் மலைக்குப் போனோம்.

கதை பத்திரிகையில் வந்தால் அப்பா படிப்பார். தெருவுக்கே காட்டுவார்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘ஊசியிலை மரங்களின் மேல் பனி மெல்ல—’

(நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யாராவது கிளம்பினாலே பனி பெய்துவிடுகிறது.)

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மலையில் என் துப்பட்டாவை வாங்கி முகத்து வியர்வையைத் துடைத்தது அந்தப் பனிக்குத்தானா என்று கேட்டாள். ஊசியிலையை அடித்துவிட்டு மரவள்ளி என்று எழுதினேன். மலை சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது.

3

கோமுகி அணையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைத் தாண்டி ஏறினால் காடு. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அக்கா ஓரம்கட்டி, காலை ஊன்றி வழிவிட்டாள். டிரைவர் ஜன்னல் வழியே கையைத் தூக்கினார், இன்னொரு டிரைவருக்குக் காட்டுவதுபோல. அதன்பின் கரியாலூர் ஏரி வரும்வரை அக்கா பாடிக்கொண்டே ஓட்டினாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

(இதைப் பெயரில்லாமலும் எழுதிப் பார்த்தேன். ‘ஒரு பெண் பாடினாள்.’ யாரோ பாடினார்கள், அவ்வளவுதான்.)

4

ஓட்டியது தேவிப்ரியா என்றொரு பெண் என முடிக்கலாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டியது நான் என்று முடிக்கலாம். எனக்குச் சைக்கிளே வராது என்பது ஊருக்குத் தெரியும். அப்பா படிக்கிறார், சிரிக்கிறார் என்றும் முடிக்கலாம். இதை அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை; நம்பவும் இல்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விடுகிறேன்.

கடைசியில் ரம்யா என்றே எழுதினேன். அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, “இருக்கட்டும்டி” என்றாள்.

5

[இங்கே ஏரியில் வெயில் சாய்வதை எழுத—]

வயலிலிருந்து வந்த அப்பா கைகால் கழுவிவிட்டு, நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“காலையிலேர்ந்து இன்னாம்மா எழுதிக்கினு இருக்க? அக்கா பேருலாம் தெரியுது. எங்க, மொதல்லேர்ந்து படி, கேப்போம்.”