கயிற்றைச் சுற்றி வந்த காளை

உபதேசியார் நல்லமுத்து யோசுவாவின் வெற்றிகளைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ஆலயத்தின் பின்புறத்தில் ஒரு காளை கத்தியது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்தாற்போல, சபை மூப்பர் சென்றாயனைப் பார்த்தார்கள். எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியின் அந்தச் சிற்றூரில் பிறந்த எவருக்கும் அது ஊர் மாட்டின் குரல் அல்ல என்பது தெரியும். வெளியூர் மாடு ஊருக்குள் நுழையக் கூடாத நாட்கள் அவை.

ஓடைக்கு அப்பால் குண்டனி நாட்டில் மாடுகளுக்கு வெக்கை கண்டிருந்தது. கண்ணிலும் வாயிலும் நீர் வடிந்து, கழிந்து, நின்ற இடத்திலேயே மாடுகள் சரியும் கொள்ளை நோய் அது. அந்தச் செய்தி வந்த அன்றே ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன், ஓடையருகே மாட்டுத் தடத்தின் குறுக்கே கற்றாழை நாரில் திரித்த கயிற்றைக் கட்டச் செய்தார். அதில் வேப்பிலையும் மஞ்சளும் கோத்திருந்தார்கள். கயிறு கட்டியபின் ஊருக்குள் மாடு வருவதும் இல்லை, போவதும் இல்லை. மீறி ஒரு மாடு வந்துவிட்டால் அதையும், அது வாய்வைத்த தொட்டியில் வாய்வைத்த மாடுகளையும் மலைமுகட்டுக் காட்டுப்பட்டியில் கொண்டுபோய் அடைக்க வேண்டும். அங்கே செத்தால் தோலுரிக்காமல் அங்கேயே புதைக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எழுதப்பட்டதல்ல. ஆனால் அதற்குக் கட்டுப்படாதவன் அந்த ஊரில் இருந்ததில்லை.

கயிற்றைத் தொட்டு ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாக்குக் கொடுத்தபோது, கிறிஸ்தவர்களான நான்கைந்து குடும்பத்தார் விலகி நின்றார்கள். கயிற்றைத் தொடுவது விக்கிரக ஆராதனை என்று உபதேசியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஊர்க்கவுண்டர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏசுசாமி ஆளுகளுக்குக் கயிறும் ஆகாது, வேப்பிலையும் ஆகாது. வாக்காச்சும் உண்டுங்களா, இல்ல அதுவும் ஆகாதுங்களா?"

சென்றாயன் முன்னே வந்தார். கயிற்றை அவர் தொடவில்லை. தம் ஆண்டவருடைய பெயரால், கயிறு அவிழும்வரை சபையைச் சேர்ந்த எவரும் வெளிமாடு கொண்டுவர மாட்டார்கள் என்று ஊர் கேட்கச் சொன்னார். ஊர்க்கவுண்டரின் சிரிப்பு நின்றது. கயிற்றைத் தொட்டுக் கொடுத்த வாக்கைவிட அது கனமான வாக்கு என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தக் கனத்தைத்தான் இப்போது ஆலயத்தின் பின்னால் நின்ற காளை தன் குரலால் அளந்துகொண்டிருந்தது.

உபதேசியார் குரலை உயர்த்தினார். கானானியருடைய வழக்கங்களோடு இஸ்ரவேலர் கலந்ததனால்தான் கெட்டார்கள். மரத்துக்கும் இலைக்கும் கயிற்றுக்கும் பயப்படுகிறவன் கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறவன் அல்லன். காளை மறுபடியும் கத்தியது. சென்றாயனுக்குப் பிரசங்கம் காதில் விழவில்லை. வேறொரு கதை நினைவுக்கு வந்தது. அமலேக்கியருடைய மந்தைகளில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று கட்டளை பெற்ற சவுல் ராஜா, எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டதாக மார்தட்டி நிற்கிறான். எதிரே வந்த சாமுவேல் தீர்க்கதரிசி, அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுமாடுகளின் சத்தம் ஏது என்று கேட்கிறார். முடிவு ஜெபத்தின்போது சென்றாயன் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பின்புறத்தில், பலாமரத்தில், கொம்புக்கு எண்ணெய் தடவிய கொழுத்த காளை ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்து மயிரை நனைத்திருந்தது.

உபதேசியார் மகிழ்ச்சியோடுதான் விளக்கினார். குண்டனி நாட்டு விசுவாசி குப்புசாமி, அறுப்புப் பண்டிகைக்காக இந்தக் காளையைக் கர்த்தருக்கு நேர்ந்துகொண்டவர். அடுத்த ஞாயிறு பண்டிகைக்கு அடிவாரத்திலிருந்து வெள்ளைக்கார மிஷன் துரை வருகிறார். கூடை சாமையும் நாலு மரவள்ளிக் கிழங்குமே காணிக்கையாக வரும் இந்தச் சபையில் ஒரு காளை நிற்பதைத் துரை பார்க்கட்டும். விடியும் நேரத்தில் தாமே ஓட்டி வந்ததாகவும் சொன்னார்.

"எந்தத் தடத்துலீங்க ஓட்டி வந்தீங்க?"

ஓடைத் தடத்தில் அல்ல என்றார் உபதேசியார். மேலே பாறைவிளிம்பை ஒட்டி மிளகுக்கொடிகளுக்கு நடுவே ஆள்மட்டும் நடக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதன் வழியாகக் கொண்டுவந்தார். அந்தப் பாதையில் கயிறு இல்லை. ஆகவே எவரும் கயிற்றைத் தாண்டவில்லை. மூப்பருடைய வாக்குக்கும் பழுதில்லை. கணக்கு நேராகிவிட்டதுபோல அவர் கைகளை விரித்தார்.

சென்றாயன் கோபத்தில் கத்துகிறவர் அல்லர். கோபம் வந்தால் அவருடைய குரல் தாழும். இப்போது அது மிகத் தாழ்ந்திருந்தது.

"ஏனுங்க உபதேசியாரே, கயிறு ஒண்ணுமில்லாததுன்னு இப்பத்தான் உள்ளார பேசினீங்க. ஒண்ணுமில்லாத கயித்தை எதுக்குங்க சுத்தி வந்தீங்க? நேரா அத்துப்போட்டு வந்திருக்கலாமுல்ல? கயித்துக்குப் பயப்படல, சரி. கர்த்தருக்கும் பயப்படல. ஊரு பாத்துருமேன்னு பயந்தீங்க. சவுலும் கடைசியில அதைத்தானுங்க சொன்னான், சனங்களுக்குப் பயந்தேன்னு."

உபதேசியாரின் முகம் கறுத்தது. வேதபாடசாலையில் படித்தவரிடம் வேதம் பேச வேண்டாம் என்றார். காளை கர்த்தருக்குப் பலியாக வந்தது என்றார். சவுலும் அந்தக் கொழுத்த மாடுகளைப் பலிக்கென்றுதான் வைத்திருந்தான் என்று சென்றாயன் சொன்னார். உபதேசியார் வேறிடத்துக்குத் தாவினார். அஞ்ஞானிகளுக்கு, அதுவும் ஒரு வேப்பிலைக் கயிற்றின் எதிரில் கொடுத்த வாக்கு வாக்கே அல்ல என்றார்.

இந்த வாக்கியம்தான் சென்றாயனின் கோபத்துக்கு முழு உருவம் கொடுத்தது. அதுவரை அது ஒரு காளையைப் பற்றிய கோபம். இப்போது அது, கடவுளைத் தங்கள் பக்கத்துக் காவலாளாக வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் எப்படியும் நடக்கலாம் என்று நம்பும் மனங்கள் அனைத்தின் மீதும் எழுந்த கோபம். யோசுவாவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே என்று அவர் கேட்டார். கிபியோனியர் கானானியர்தாம், அஞ்ஞானிகள்தாம். போதாததற்கு ஏமாற்றுக்காரர்கள். கிழிந்த செருப்பும் பூசணம் பூத்த அப்பமும் காட்டி, தூரதேசத்தார் என்று பொய் சொல்லி, இஸ்ரவேலிடம் உயிர்ப்பிச்சை வாக்கை வாங்கினார்கள். பொய் வெளிப்பட்ட பிறகும் யோசுவா அந்த வாக்கை மீறவில்லை. ஏனெனில் அது கர்த்தருடைய பெயரால் கொடுத்தது. பல தலைமுறை கழித்து அதே சவுல், தன் சனத்தின்மீது கொண்ட வைராக்கியத்தால் அந்த வாக்கை உடைத்தான். அதற்காகத் தாவீதின் நாளில் தேசமே பஞ்சத்தில் வாடியது.

"கிபியோன்காரன் ஏமாத்தி வாங்குன வாக்கையே கர்த்தர் மறக்கல. கருப்பண்ணக் கவுண்டரு யாரையும் ஏமாத்தலீங்க. என் சாமி பேரை நம்பி ஊரோட மாட்டையெல்லாம் ஒப்படைச்சாரு."

சாமியின் பெயரை இப்படி ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்ததே மூப்பருடைய முதல் தவறு என்று உபதேசியார் முணுமுணுத்தார். சென்றாயன் காளையின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அப்போதுதான் அவருடைய மனைவி கண்ணாயி அங்கே வந்தாள். காளையைப் பார்த்ததும் நின்றாள், உபதேசியாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவள் சொன்னதைச் சென்றாயன் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

காலையில், சென்றாயன் வீட்டில் இல்லாத நேரத்தில், ஆலயத்துக்குப் போகும் வழியில், உபதேசியார் இந்தக் காளையோடு அவர்கள் வாசலில் நின்றார். வாசலுக்கு வந்த மாட்டுக்குக் கழுநீர் வைக்காமல் அனுப்புவது அந்த மலையில் வழக்கமில்லை. கர்த்தருக்கு வந்த மாடு என்று அவர் சொன்னதால், எங்கிருந்து என்று கேட்பதே பாவம் போலக் கண்ணாயிக்குத் தோன்றியது. கல்தொட்டியில் கழுநீர் ஊற்றினாள். காளை குடித்தது. மிச்சத்தை, சற்று நேரத்தில், அவர்களுடைய சோடி மாடுகள் குடித்தன.

சென்றாயனின் கை காளையின் கழுத்துக் கயிற்றில் அப்படியே நின்றது. களத்தில் சாமைப் போர் அடிக்கப்படாமல் கிடந்தது. அந்தச் சோடியைத் தவிர அவருக்கு வேறு மாடு இல்லை. இவ்வளவு நேரமும் அவர் பேசிய நீதியெல்லாம் மற்றவருடைய காளையைப் பற்றியது. இப்போது அது அவருடைய தொழுவத்துக்குள் வந்து நின்றது.

உபதேசியார் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய குரல் திடீரென்று இளகியது. காளையின் கண்ணில் வடிவது பாதைத் தூசியால் வந்த நீர்தான். பண்டிகை முடியும்வரை அதை ஆலயத்துக்குள்ளேயே கட்டி வைக்கலாம். மூப்பருடைய சோடியைப் பற்றி எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த நல்ல யோசனையைக் கேட்ட கணத்தில், அது தமக்கு இனித்தது என்பதைச் சென்றாயன் உணர்ந்தார். அதன்பிறகு எழுந்த கோபத்தில் பாதி அவர்மீதே அவருக்கு. சவுல் ஏன் மாடுகளை மிச்சம் வைத்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நல்ல மாடுகள். அவ்வளவுதான் காரணம்.

கண்ணாயிதான் முதலில் பேசினாள். அவள் உபதேசியாரிடம் அதற்குமுன் தலைநிமிர்ந்து பேசியதில்லை.

"கர்த்தருக்குன்னு சொன்னீங்க சாமி. அதனாலதான் ஒரு வார்த்தை கேக்காம தண்ணி வெச்சேன். எங்க வாயை அடைக்கத்தான் அந்தப் பேரு வேணுமுங்களா உங்களுக்கு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். கன்றிலிருந்து தான் வளர்த்த அந்த இரண்டு மாடுகளையும் தொழுவத்திலிருந்து தானே அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஊர் மாடுகள் மேயாத வேலியோரமாகவே அவற்றை நடத்தினாள்.

ஊர்க்கவுண்டர் தம் களத்தில் இருந்தார். மாடுகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டுச் சென்றாயன் தனியே போய் நடந்ததைச் சொன்னார். காளை வந்த பாதை, குடித்த தொட்டி, பின்னால் குடித்த சோடி எதையும் விடவில்லை. கருப்பண்ணன் முதலில் வைதார். உபதேசியாரை வைதார், சபையை வைதார், மலையேறி வந்த வேதத்தை வைதார். சென்றாயன் தலை கவிழ்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வைது ஓய்ந்தபின் கவுண்டர் தூரத்தில் நின்ற சோடியைப் பார்த்தார். அந்த நாட்டில் அப்படிப்பட்ட சோடி வேறு இல்லை. அவரே இரண்டு முறை விலைக்குக் கேட்டிருந்தார்.

"அந்தக் காளைய மட்டும் ஓட்டிட்டுப் போ சென்றாயா. உன் சோடி அந்தத் தண்ணியைக் குடிச்சதை யாரு பாத்தா?"

அது இரக்கத்தில் சொன்னது. ஆனால் ஒரே காலையில் இரண்டாவது முறையாக அதே வார்த்தையைக் கேட்ட சென்றாயனுக்கு, உபதேசியாரிடம்கூட எழாத சீற்றம் எழுந்தது.

"யாரு பேர்ல வாக்குக் குடுத்தனோ அவரு பாத்தாருங்க. உங்க கயித்துக்குக் கண்ணில்லைன்னு சொல்றவன் நானு. என் சாமிக்கும் கண்ணில்லைன்னு நீங்க சொல்லாதீங்க."

சென்றாயன் மூன்று மாடுகளையும் முகட்டுக்கு ஓட்டிச் சென்று காட்டுப்பட்டியில் அடைத்தார். அந்த வாரம் முழுவதும் அவர் ஊருக்குள் இறங்கவில்லை. கண்ணாயி பட்டிக்குத் தூரத்திலேயே கூழை வைத்துவிட்டுப் போனாள். காளை முதலில் செத்தது. பிறகு சோடியில், நுகத்தின் இடப்பக்கம் பூட்டும் இடத்து மாடு. அதற்காக அவர் தோண்டிய குழி ஆழமானது. ஒவ்வொரு மண்வெட்டுக்கும் ஒரு வசவு அவர் வாயில் வந்தது. ஒன்றையும் அவர் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒன்றுக்காகவும் மன்னிப்புக் கேட்கவுமில்லை. வலத்து மாடு மட்டும் கண் குழிந்தாலும் பிழைத்து எழுந்து நின்றது. ஊருக்குள் ஒரு மாட்டுக்கும் நோய் காணவில்லை.

அறுப்புப் பண்டிகைக்குத் துரை வரவில்லை. அடிவாரத்தில் காய்ச்சலாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. ஆலயத்தில் சாமையும் கிழங்கும் பலாவும் மிளகும் பரப்பியிருந்தார்கள். சென்றாயன் ஓடையில் குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, வெறுங்கையோடு வந்து முன்பாயில் உட்கார்ந்தார். அவருடைய சாமை இன்னும் களத்தில் அடிக்கப்படாமல் கிடந்தது. வாசலுக்கு வெளியே, பலாமரத்தருகே, ஊர்க்கவுண்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அதற்குமுன் அவர் அந்த இடத்துக்கு வந்ததில்லை.

உபதேசியார் அவரையும் பார்த்தார்; சென்றாயனையும் பார்த்தார். பிறகு கண்களைத் தாழ்த்தி, கர்த்தர் தம்முடைய சனத்தின் மந்தைகளை எப்படி அற்புதமாகக் காத்தார் என்று தொடங்கினார். எவரும் செய்யாத பிழைக்கு எவரும் வருந்த வேண்டியதில்லை என்பதுபோல அந்தப் பேச்சு மெல்ல நகர்ந்தது. கண்ணாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சென்றாயன் எழுந்து நின்றார். பிரசங்கத்தின் நடுவில் எவரும் அங்கே எழுந்ததில்லை.

"அப்பறம் பேசலாமுங்க உபதேசியாரே. மொதல்ல கிபியோன்காரங்க கதையை வாசிங்க. வெளிய நிக்கிறவருக்கும் கேக்கற மாதிரி வாசிங்க."

உபதேசியார் அவரை உட்காரச் சொன்னார். சென்றாயன் உட்காரவில்லை. பின்பாயில் ஒருவர் எழுந்தார். கண்ணாயி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக, சபை முழுவதும், காணிக்கைக் கூடைகளுக்குப் பின்னால் எழுந்து நின்றது. உபதேசியார் வேதப்புத்தகத்தின் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். தேடிய இடம் அகப்பட்டதும் அவர் தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"கேக்கலீங்க" என்றார் சென்றாயன்.