சாமி பார்க்கக் கிளம்பிய தம்பி

ஊரில் இருக்கிற பையன்களெல்லாம் பெண் பார்க்க அலைந்துகொண்டிருந்தபோது என் தம்பி கதிரேசன் சாமி பார்க்கக் கிளம்பினான். வயது முப்பத்திரண்டு. பல்லடத்தில் சொந்தமாக விசைத்தறிக் கூடம், கார், மாடி வீடு எல்லாம் இருக்கிறது. எங்கள் சாதியில் இப்போது பெண் கிடைப்பதே பெரும்பாடு. ஒவ்வொருத்தனும் கல்யாணம் ஆகவேண்டி கோயில் கோயிலாகச் சுற்றுகிறான். இவன் என்னடாவென்றால் கோயிலையே மாற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் மாலை போட்டான். இரண்டு வருடம் மலைக்குப் போய்விட்டு வந்து, கூட வந்தவர்கள் மாலையைக் கழற்றிய கையோடு பாட்டிலைத் திறந்தார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்குச் சாமி என்ன செய்யும்? அப்புறம் வெள்ளை ஜிப்பா வாங்கிக்கொண்டு ஒரு தியான மையத்துக்குப் போனான். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். "மூச்சு வருதாடா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. அங்கே முன்வரிசைக்கு ஒரு கட்டணம், பின்வரிசைக்கு ஒரு கட்டணம் என்று சொல்லி அதையும் விட்டான்.

பிறகு உக்கடத்தில் தறிக்கு ஸ்பேர் வாங்குகிற அனீஸ் கடையில் பழி கிடந்தான். அனீஸின் அப்பா நாகூர் மீரானிடம் கேள்வி மேல் கேள்வி. அந்த மனுசன், "படிச்சுப் பாருங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றாராம். சரக்கை விற்கத் தெரியாத வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் பெரிய பக்தி கிடையாது. எங்கள் குலதெய்வம் கோயிலில் யார் கிடாயை முதலில் வெட்டுவது என்று பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் சாமியே ஊரைக் காலி செய்துகொண்டு போயிருக்கும். ஆனாலும் அதுதான் எங்கள் சாமி. பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. முகத்தில் இருக்கிற மூக்கைப் பிடிக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?

இப்படி ஊரெல்லாம் சுற்றியவன் கடைசியில் போய் உட்கார்ந்த இடம் காலனி சர்ச். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் காலனி ஆட்கள் தலைமுறை தலைமுறையாக எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். காளிச்சாமி என்று ஒரு கிழவர், எங்கள் அப்பா காலம் வரை எங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். அவருடைய மகன்வழிப் பேத்தி மெர்சிக்குத் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் நல்ல வேலை. அதே சர்ச்சுக்கு ஸ்கூட்டரில் போவாள், லட்சணமாக இருப்பாள். எனக்குச் சங்கதி நொடியில் விளங்கிவிட்டது. சாமியாவது பூதமாவது, இவன் பார்த்தது பெண்ணைத்தான்.

என் வீட்டுக்காரர் சென்னிமலைக்கு எல்லா மதமும் தெரியும், வாட்சப்பில் படித்தது. "வெளிநாட்டுப் பணம் அம்மிணி, மாத்தறதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு ரேட்டு" என்றார். சொந்தக் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காணிக்கையும் போட்டுவிட்டு வருகிறவனுக்கு யார் ரேட்டுக் கொடுப்பார்கள் என்று இவருக்குத் தோன்றவில்லை.

என் கவலை வேறு. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ மணப்பெண்ணைப் போல உடுத்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறு முனை இவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் உன் உறவு எனக்கு விட்டுப்போகாது என்று கூடப்பிறந்தவளுக்கு அவன் ஊரறியச் சொல்கிற சீர் அது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் கதிரேசன் ஒருத்தன்தான். சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டு போய்விட்டால் என் கையில் என்ன இருக்கும்?

அதனால் மெர்சி வீட்டுக்கே போனேன். உச்சி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அம்மா பதறிப்போய் ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவராமல் தெருமுனைக் கடைக்கு ஓடி, மூடி திறக்காத வாட்டர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து நீட்டினாள்.

"எங்க ஊட்டுல நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. இது கடைத் தண்ணிங்க."

நல்ல விவரமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தேன்.

"உங்க தம்பி எங்க ஊட்டுச் சொம்புலயே குடிப்பாருங்க" என்றாள் அவள். குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெர்சி கைகட்டி நிற்கவில்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் தம்பி பேச்சை எடுத்ததும் நேராகவே கேட்டாள்.

"பொண்ணு கேட்டு வந்தீங்களா, பொண்ணு வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல. கட்டறதுன்னா கட்டிக்கட்டும். ஆனா இணைச்சீர் செஞ்சுதான் ஆகோணும்."

அவள் சத்தமாகச் சிரித்தாள். "அக்கா, எனக்கு அன்னூர்ல மாப்ள நிச்சயமாகி ரெண்டு மாசமாச்சுங்க. உங்க தம்பி என்னை நிமிந்துகூடப் பாத்ததில்ல. ஆராதனை முடிஞ்சா பாஸ்டரப் புடிச்சு வெச்சுக் கேள்வி கேட்டே உசுர வாங்கிப்போடுவாரு. நாங்கெல்லாம் பெத்தவங்க போனாங்கன்னு போறமுங்க. அவுரு ஒருத்தருதான் யோசிச்சு வாராரு."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெண்ணுக்காகப் புத்தி கெட்டுப்போனான் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஊரும் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். ஒன்றுமே இல்லாமல், புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒருத்தன் அங்கே போய் உட்கார்ந்தால் அவனை என்ன செய்வது?

நேராகத் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் நான் கத்தியது கேட்கவில்லை. வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"அந்த ஏசுகிட்ட அப்படி என்னத்தடா கண்ட?"

"பாஸ்டர்கிட்ட ஒண்ணு கேட்டனுங்க்கா. நாகூர் மீரான் ஐயா உங்க சாமியக் கும்புடலியே, அவுரு நரகத்துக்குப் போவாரான்னு. மத்த எடத்துலெல்லாம் எதக் கேட்டாலும் பதில் ரெடியா வெச்சிருந்தாங்க. இவுரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, எனக்குத் தெரியாது தம்பின்னாரு."

"தெரியாதுன்னு சொன்னவன் பின்னாலயா போவாங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் தெரியாதுன்னு சொல்லியிருப்பனே!"

"எல்லா எடத்துலயும் சுத்தமாயிட்டு வா, வெரதமிருந்துட்டு வான்னாங்க. இங்கதான் நீ தப்பானவன்னு தெரியும், இருந்தாலும் வான்னாங்க."

"தப்பானவன்னு நாந்தான் தெனமும் சொல்றனே. அதுக்கு எதுக்குடா சர்ச்சு?"

"நீங்க வான்னு சொல்றதில்லீங்க்கா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் தொடர்ந்தான். "அங்கயும் எல்லாம் சரியா இருக்குன்னு நெனைக்கலீங்க்கா. சாதிக்கொரு கல்லறை வெச்ச சர்ச்சும் இருக்குதுன்னு தெரியும். அதையும் கேட்டேன். பாஸ்டர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆனா நான் தேடுனது அந்த ஆளுகள இல்ல. செலுவையில தொங்குனவர நம்பறேன். வாரக் கடைசில ஞானஸ்நானம். வாங்க்கா. எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்தா இணைச்சீருக்கு நீங்கதான் நிக்கோணும். பாஸ்டரும் சரின்னுட்டாரு."

"எங்க சீருக்குச் சரின்னு சொல்ல அவன் யாருடா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் பிறந்த வீடு அன்றோடு சரி என்று தெரிந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கைப்பையில் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் பூ, காதைக் கிழிக்கிற கீபோர்டு. இதற்கா மாலையும் ஜிப்பாவும் கடந்து வந்தான் என்று நினைத்தேன். பாஸ்டர் தண்ணீரை அள்ளி அவன் தலையில் ஊற்றியபோது கதிரேசன் தேம்பித் தேம்பி அழுதான். அப்பா செத்தபோதுகூடக் கல்லுமாதிரி நின்றவன். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு எல்லாரும் வரிசையாகப் போய் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துத் திராட்சை ரசம் குடித்தார்கள். காளிச்சாமி மகன் குடித்ததும், அதே விளிம்பில் என் தம்பி வாய் வைத்தான். என் வாய் தானாகக் கோணியது.

எங்கள் வீட்டுக்குத் தறி ஓட்டுகிறவர்கள், காட்டு வேலைக்காரர்கள் வந்தால் பேப்பர் கப்பில்தான் டீ. அந்தக் காலம் மாதிரி கொட்டாங்குச்சியிலா கொடுக்கிறோம்? குடித்தோமா, கசக்கி எறிந்தோமா என்று சுத்தமாக இருக்கும். கதிரேசனுக்கு மட்டும் அது எப்போதும் கண்ணை உறுத்தும்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் டீ கொடுத்தார்கள். பெரிய தட்டில் சில்வர் டம்ளர்கள். பாஸ்டருக்கு, கிழவிகளுக்கு, மெர்சிக்கு, கதிரேசனுக்கு, எல்லாருக்கும் அதே டம்ளர். என் முறை வந்தபோது மெர்சியின் அம்மா தட்டை நகர்த்திக்கொண்டாள். அவசர அவசரமாக ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, ஒரே ஒரு பேப்பர் கப்பை எடுத்து, அதில் டீ ஊற்றி எனக்கு நீட்டினாள்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எனக்கும் டம்ளர்லயே குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"அட, பரவாயில்லீங்க அம்மிணி" என்றாள். "சங்கடப்படாதீங்க. புதுசுங்க, யாரும் வாய் வெக்கலீங்க."

பக்கத்தில் நின்ற கதிரேசன் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கப்பை வாங்கிக் குடித்தேன்.